நிபந்தனைகளை இணைப்பது எப்படி? தருக்கச் செயற்குறிகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிரல் எழுதத் தொடங்கும் மாணவர்களுக்கு மாலை வேளைகளில் பாடம் சொல்லித் தருகிறேன். மாறி (மதிப்பைப் பெயரிட்டு வைக்கும் இடம்), ஒப்பீடு, இஃப் (நிபந்தனை மெய்யானால் மட்டும் ஓடும் பகுதி) ஆகியவற்றை அவர்கள் விரைவாகவே பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்து ஒன்றாக்கும் இடம் வந்ததும் தடுமாற்றம் தொடங்குகிறது. குறிகள் மூன்றே, அவற்றை யாரும் மறப்பதில்லை. தமிழில் நாம் சொல்லும் வாக்கியம் உண்மையில் என்ன கேட்கிறது என்று பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே குறியைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். பிழை அந்த அவசரத்தில்தான் நுழைகிறது. வகுப்பில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன்.

எடுத்துக்காட்டுகளில் மாறிகளின் பெயர்களைத் தமிழிலேயே வைத்திருக்கிறேன். பைத்தான் 3, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றும் தமிழ் எழுத்தில் அமைந்த மாறிப் பெயர்களை ஏற்கும் என்பதால், அவற்றை அப்படியே தட்டச்சு செய்து பார்க்கலாம்.

தருக்கச் செயற்குறி என்றால் என்ன? அது எதற்குத் தேவை?

"வயது 18 ஆகிவிட்டதா?" என்பது ஒரே கேள்வி. அதற்கு மெய் அல்லது பொய் என்ற விடை கிடைக்கும். ஆனால், நடைமுறையில் ஒரு முடிவு ஒரே கேள்வியில் அடங்குவது அரிது. இந்தியாவில் வாக்காளராகப் பதிவு செய்ய 18 வயது நிறைந்திருக்க வேண்டும், இந்தியக் குடிமகனாகவும் இருக்க வேண்டும். இரண்டு விடைகளையும் சேர்த்து ஒரே விடையாக்கும் கருவியே தருக்கச் செயற்குறி.

வயது >= 18 && இந்தியக்_குடியுரிமை

இந்தக் கோவை முழுவதற்கும் கிடைப்பது ஒரே மதிப்புதான்: மெய் அல்லது பொய். எத்தனை நிபந்தனைகளைக் கோத்தாலும் இறுதியில் வெளிவருவது இந்த இரண்டில் ஒன்று. ஜார்ஜ் பூல் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் 1847 ஆம் ஆண்டிலும் 1854 ஆம் ஆண்டிலும் வெளியிட்ட நூல்களில் சிந்தனையையே இப்படி இயற்கணிதமாக எழுதிக் காட்டினார். மெய், பொய் என்ற மதிப்பு வகைக்குப் பூலியன் என்ற பெயர் அவரிடமிருந்து வந்ததே.

எந்த மொழியில் எந்தக் குறியை எழுத வேண்டும்?

சி, சி++, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றில் இரண்டும் மெய்யாக இருக்க வேண்டும் என்பதற்கு &&, ஒன்றாவது மெய்யாக இருந்தால் போதும் என்பதற்கு ||, எதிர்மறைக்கு ! ஆகியவை பயன்படுகின்றன. பைத்தானில் இந்தக் குறிகளுக்குப் பதிலாக ஆண்ட், ஆர், நாட் என்ற ஆங்கிலச் சொற்களையே சிறிய எழுத்தில் எழுத வேண்டும்; && என்று எழுதினால் இலக்கணப் பிழை என்று பைத்தான் நிறுத்திவிடும். இந்தப் பக்கத்தில் நான் குறிகளையே பயன்படுத்துகிறேன்; பைத்தான் படிப்பவர்கள் அந்தந்த இடத்தில் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றை & போட்டாலும் விடை சரியாகத்தான் வருகிறது. ஏன் இரட்டைக் குறி?

ஒற்றைக் குறிகள் பிட்டுகள் (எண்ணின் இரும வடிவில் உள்ள 0, 1 இலக்கங்கள்) மீது வேலை செய்பவை. 6 & 3 என்றால் இரு எண்களையும் இரும வடிவில் எழுதி, இரண்டிலும் 1 இருக்கும் இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு 2 என்று விடை தரும். மெய், பொய் மதிப்புகளுக்கு அது பல நேரங்களில் ஒத்துப்போவதால், தவறாக எழுதியிருப்பது நமக்கே தெரிவதில்லை.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. சி மொழிக்கு முன்னோடியான பி மொழியில் இரண்டு வேலைகளுக்கும் ஒற்றைக் குறியே இருந்தது. 1970களின் தொடக்கத்தில் சி உருவானபோது && மற்றும் || தனியாகப் பிரிக்கப்பட்டன; ஆனால், பழைய நிரல்கள் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக ஒற்றைக் குறியின் முன்னுரிமையை (எந்தக் குறி முதலில் கணக்கிடப்படும் என்ற வரிசையை) மாற்றாமல் விட்டார்கள். அதனால் சி மொழியில் நிலை & 4 == 0 என்பது இன்றும் நிலை & (4 == 0) என்றே படிக்கப்படுகிறது (== என்பது சமமா என்று கேட்கும் குறி). ஜாவாஸ்கிரிப்டும் இதை அப்படியே வாங்கிக்கொண்டது. தொடக்க நிலையில் உள்ளவர்கள் நிபந்தனைகளுக்கு ஒற்றைக் குறியைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து.

மெய் அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டுமா?

தேவையில்லை. நிபந்தனைகளின் மெய், பொய் சேர்க்கை ஒவ்வொன்றுக்கும் விடை என்ன என்று காட்டும் பட்டியலே மெய் அட்டவணை. இரண்டு சுவிட்சுகளை நினைத்துக்கொண்டால் போதும். ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சுவிட்சுகள் இருந்தால், இரண்டையும் போட்டால்தான் விளக்கு எரியும்; அது &&. ஒரே விளக்குக்கு இரண்டு தனிப் பாதைகள் இருந்து, பாதைக்கு ஒரு சுவிட்ச் இருந்தால், எதைப் போட்டாலும் எரியும், இரண்டையும் போட்டாலும் எரியும், அது ||. 1937 ஆம் ஆண்டு அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் தம் முதுகலை ஆய்வேட்டில் பூலின் இயற்கணிதமும் மின்சுற்றின் சுவிட்சுகளும் ஒன்றே என்று நிறுவினார். எண்ணிமச் சுற்று வடிவமைப்பு அந்த அடிப்படை மீதே எழுந்தது.

அட்டவணையில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று: இரண்டு நிபந்தனைகளுக்கு நான்கு வரிசைகள் உண்டு; அவற்றுள் && ஒரே வரிசையில் மெய்யாகும், || ஒரே வரிசையில் பொய்யாகும். நிபந்தனை ஒன்று கூடும்போதெல்லாம் வரிசைகள் இரட்டிக்கும். மூன்றுக்கு 8, ஐந்துக்கு 32.

"அல்லது" என்றால் இரண்டில் ஒன்று மட்டும்தானே? இரண்டும் மெய்யாக இருந்தால் || ஏன் மெய் தருகிறது?

விருந்தாளியிடம் "டீயா, காபியா?" என்று கேட்கும்போது ஒன்றைத்தான் தரப்போகிறோம். "ஆதார் அட்டை அல்லது வாக்காளர் அட்டை கொண்டு வாருங்கள்" என்று சொல்லும்போது இரண்டையும் கொண்டு வந்தவரைத் திருப்பி அனுப்புவதில்லை. ஒரே சொல் இரண்டு பொருளில் புழங்குகிறது. நிரலில் || எப்போதும் இரண்டாவது பொருளையே குறிக்கும்.

ஒன்று மட்டும் மெய்யாக இருக்க வேண்டும் என்ற தேவை வந்தால், இரண்டு பூலியன் மதிப்புகளுக்கு இடையே != (சமமில்லை என்ற குறி) போட்டாலே போதும். மாடிப்படியின் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இருக்கும் சுவிட்சுகள் இப்படித்தான் வேலை செய்கின்றன: இரண்டும் வெவ்வேறு நிலையில் இருந்தால் விளக்கு எரியும் என்று இணைத்திருந்தால், எதைத் தட்டினாலும் விளக்கின் நிலை மாறும்.

வாக்கியத்தில் "உம்" வந்தால் &&, "அல்லது" வந்தால் || என்று மாற்றிவிடலாமா?

இதுதான் மிக அதிகமாகத் தவறு நேரும் இடம். ஒரு படிப்பகத்தின் அறிவிப்பு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "பள்ளி மாணவர்களுக்கும் மூத்த குடிமக்களுக்கும் கட்டணம் இல்லை." இரண்டு இடத்தில் உம் இருக்கிறது. அதைப் பார்த்தவுடன் மாணவர்கள் இப்படி எழுதுகிறார்கள்:

பள்ளி_மாணவர் && வயது >= 60

இந்த நிபந்தனையின்படி கட்டணம் இல்லாமல் உள்ளே போக வேண்டுமானால், ஒருவர் 60 வயது நிறைந்த பள்ளி மாணவராக இருக்க வேண்டும். நிரல் ஓடும், பிழைச் செய்தி எதுவும் வராது, எல்லோரிடமும் கட்டணம் வாங்கிவிடும். இங்கே வேண்டியது ||.

காரணம் என்னவென்றால், அறிவிப்பில் உள்ள உம் ஆட்களை எண்ணுகிறது. நிரலில் உள்ள குறி ஓர் ஆளின் தகுதிகளை இணைக்கிறது. மாணவர் என்ற கூட்டத்தையும் மூத்தவர் என்ற கூட்டத்தையும் சேர்த்துப் பெரிய கூட்டமாக்கினால், அந்தக் கூட்டத்தில் ஓர் ஆள் இருப்பதற்கு ஏதாவது ஒன்றில் இருந்தாலே போதும். மரபிலக்கணம் உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்கிறது. அவற்றுள் பொருள்களை எண்ணிச் சேர்க்கும் எண்ணும்மை ஒன்று மட்டுமே. ஆகவே, உம் என்ற எழுத்தைக் கண்டதும் ஒரு குறியை வைத்துவிட முடியாது.

நான் மாணவர்களைச் செய்யச் சொல்வது இதுதான். வாக்கியத்தை மூடி வைத்துவிட்டு, ஒரே ஓர் ஆளை மனத்தில் வாசலில் நிறுத்துங்கள். அவருக்கு முதல் தகுதி மட்டும் இருக்கிறது, இரண்டாவது இல்லை. அவரை உள்ளே விடுவீர்களா? விடுவேன் என்றால் ||. விடமாட்டேன் என்றால் &&. பிறகு இரண்டாவது தகுதி மட்டும் உள்ள ஒருவரை நிறுத்திக் கேளுங்கள். இரு விடைகளும் வேறுபட்டால், உங்கள் விதி இரண்டு நிபந்தனைகளை நேராக இணைத்து எழுதக்கூடியதே அன்று, அதற்குள் இன்னொரு நிபந்தனையோ எதிர்மறையோ ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

தேர்ச்சிக்கு எழுதிய நிபந்தனை சரியாக இருக்கிறது. தோல்விக்கு எழுதியது ஏன் வேலை செய்யவில்லை?

என் வகுப்பில் ஒரு மாணவி எழுதிய நிரலை அப்படியே சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் ஐந்து பாடங்கள், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 35 எடுத்தால் தேர்ச்சி என்பது விதி. செய்முறைத் தேர்வுக் கணக்கை எளிமைக்காக விட்டுவிட்டோம். தேர்ச்சிக்கு அவர் எழுதியது சரி:

தமிழ் >= 35 && ஆங்கிலம் >= 35 && கணிதம் >= 35 && அறிவியல் >= 35 && சமூகம் >= 35

தோல்விக்குத் தனியாக இன்னொரு இஃப் வைத்து, >= இருந்த இடத்திலெல்லாம் < போட்டார்:

தமிழ் < 35 && ஆங்கிலம் < 35 && கணிதம் < 35 && அறிவியல் < 35 && சமூகம் < 35

பிறகு 78, 62, 31, 55, 49 என்று மதிப்பெண்களைக் கொடுத்தார். திரையில் எதுவுமே வரவில்லை. கணினி நின்றுவிட்டதோ என்று மூன்று முறை ஓட்டினார். கணிதத்தில் 31 இருப்பதால் முதல் நிபந்தனை பொய். தமிழில் 78 இருப்பதால் இரண்டாவது நிபந்தனையும் பொய். ஐந்து பாடத்திலும் தவறினால் மட்டுமே தோல்வி என்று அவருடைய நிரல் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு நிபந்தனைத் தொடரை எதிர்மறையாக்கும்போது இரண்டு மாற்றங்கள் சேர்ந்து நடக்க வேண்டும். ஒவ்வொரு நிபந்தனையும் தனித்தனியே எதிர்மறையாக வேண்டும்; அவற்றை இணைக்கும் && அனைத்தும் || ஆக வேண்டும். மறுதலையாக, || இருந்தால் && ஆகும்.

!(அ && ஆ) என்பது !அ || !ஆ
!(அ || ஆ) என்பது !அ && !ஆ

இவை டி மார்கன் விதிகள். இடைக்காலத் தருக்கவியலாளர்கள் இதைச் சொற்களில் அறிந்திருந்தார்கள். குறியீட்டுத் தருக்கத்தில் இதற்கு இடம் தந்தவர் அகஸ்டஸ் டி மார்கன். அவர் பிறந்த ஊர் மதுரை, ஆண்டு 1806. தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் அதிகாரி. கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் இங்கிலாந்துக்குப் போய்விட்டது. 1828 ஆம் ஆண்டு, லண்டனில் புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார். மதுரையில் கணினி படிக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

தமிழில் இந்தச் சிக்கல் ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை என்றும் சொல்ல வேண்டும். "மூவரும் வரவில்லை" என்ற வாக்கியத்தைப் பாருங்கள். ஒருவர்கூட வரவில்லை என்றும் கொள்ளலாம். மூவரும் சேர்ந்து வரவில்லை, சிலர் வந்தார்கள் என்றும் கொள்ளலாம். முற்றுப் பொருளில் வரும் உம்மை சில இடங்களில் எச்சப் பொருளும் தரும் என்று நன்னூல் வகுத்துச் சொல்வது இதைத்தான். "எல்லாரும் வந்திலர்" என்றால் சிலர் வந்தனர் என்றும் பொருள்படும். நம் காதுக்கு இடமும் சூழலும் எந்தப் பொருள் என்று சொல்லிவிடுகின்றன. நிரலுக்குச் சூழல் இல்லை. !(அ && ஆ && இ) என்பது ஒரு பொருள், !அ && !ஆ && !இ என்பது வேறொரு பொருள். எதைச் சொல்ல வந்தோம் என்பதை நாம்தான் எழுதும் முன் முடிவு செய்ய வேண்டும்.

அந்த மாணவியின் நிரலுக்கு இன்னும் எளிய தீர்வு உண்டு. தோல்விக்குத் தனி நிபந்தனை எழுதாமல், எல்ஸ் பகுதியில் (இஃப் நிபந்தனை பொய்யானால் ஓடும் பகுதியில்) போட்டுவிட்டால் எதிர்மறையை நாம் கணக்கிட வேண்டியதே இல்லை. ஒரே விதியை நேராக ஒருமுறையும் எதிர்மறையில் ஒருமுறையும் எழுதுவது, ஒன்றைத் திருத்தி மற்றொன்றை மறப்பதற்கு வழிவகுக்கும்.

இன்னொரு சிறு குறிப்பு: > என்பதன் எதிர்மறை <= ஆகும், < ஆகாது. சமமாக இருக்கும் நிலை எங்கே போயிற்று என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

"ஆம்" அல்லது "இல்லை" என்று தட்டும்வரை திரும்பக் கேட்கும்படி எழுதினேன். எதைத் தட்டினாலும் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

நீங்கள் எழுதியது பெரும்பாலும் இதுவாக இருக்கும்:

பதில் != "ஆம்" || பதில் != "இல்லை"

பயனர் "ஆம்" என்று தட்டினால் முதல் பகுதி பொய்; ஆனால் "ஆம்" என்பது "இல்லை" ஆகாது என்பதால் இரண்டாம் பகுதி மெய். "இல்லை" என்று தட்டினால் முதல் பகுதி மெய். ஒரு சொல் ஒரே நேரத்தில் இரண்டு சொல்லாக இருக்க முடியாது. எனவே இந்தக் கோவை எந்நாளும் பொய்யாகாது, லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) முடியாது. டி மார்கன் விதியைக் கொண்டு பாருங்கள். லூப் நிற்க வேண்டிய நிலை, பதில் == "ஆம்" || பதில் == "இல்லை". லூப் தொடர வேண்டிய நிலை அதன் எதிர்மறை:

பதில் != "ஆம்" && பதில் != "இல்லை"

ஒரே மாறியை இரண்டு != கொண்டு சோதித்து நடுவில் || இருப்பதைக் கண்டால், அது ஏறக்குறைய எப்போதும் பிழைதான். அதேபோல, ஒரே மாறியை இரண்டு வெவ்வேறு மதிப்புகளோடு == கொண்டு ஒப்பிட்டு நடுவில் && இருந்தால் அது ஒருபோதும் மெய்யாகாது. ஜாவாவிலும் சி மொழியிலும் சொற்களை ஒப்பிட == போதாது, ஜாவாவில் அதற்கு ஈக்குவல்ஸ் என்ற செயல்கூறு உண்டு என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ளுங்கள்.

30 நாள் உள்ள மாதங்களைக் கண்டறிய மாதம் == 4 || 6 || 9 || 11 என்று எழுதலாமா?

கூடாது. "மாதம் 4 அல்லது 6 அல்லது 9 அல்லது 11" என்று சொல்லும்போது, மாதம் என்ற எழுவாய் எல்லாவற்றுக்கும் பொது என்று கேட்பவர் புரிந்துகொள்கிறார். கணினி அப்படிப் புரிந்துகொள்ளாது. || குறியின் இருபுறமும் தனித்து நிற்கும் முழு நிபந்தனை இருக்க வேண்டும். சி, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றில் சுழியம் அல்லாத எண் மெய்யாகக் கொள்ளப்படும் என்பதால், 6 என்று தனியே நின்றாலே மெய்தான். ஆகவே இந்த நிரல் பன்னிரண்டு மாதங்களுக்கும் 30 நாள் என்று சொல்லும். ஜாவா இதை, நிரலை ஓட்டுவதற்கு முன் கணினிக்கு ஏற்றபடி மொழிபெயர்க்கும் நிலையிலேயே மறுத்துவிடும். அந்தக் கண்டிப்பு தொடக்கக்காரர்களுக்கு நல்லது என்று எண்ணுகிறேன்.

மாதம் == 4 || மாதம் == 6 || மாதம் == 9 || மாதம் == 11

18 <= வயது <= 60 என்று கணக்குப் பாடத்தில் எழுதுவது போல எழுதினால்?

பைத்தானில் எழுதலாம், அது நீங்கள் எதிர்பார்க்கும் பொருளையே தரும். சி மொழியிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் பிழைச் செய்தி வராது, ஆனால் விடை எப்போதும் மெய்யாகவே இருக்கும். 18 <= வயது என்பது முதலில் கணக்கிடப்பட்டு 1 அல்லது 0 ஆகிறது; பிறகு அந்த 1 அல்லது 0 என்பது 60-ஐவிடக் குறைவா அல்லது சமமா என்று கேட்கப்படுகிறது. எந்த மொழியிலும் செல்லும் வடிவத்தில் எண்ணத்தைப் பழக்குங்கள்: வயது >= 18 && வயது <= 60. எல்லைக்கு வெளியே என்றால் வயது < 18 || வயது > 60.

&& முதலா, || முதலா? அடைப்புக்குறி கட்டாயமா?

&& முன்னுரிமை பெறும், || பிறகு. கூட்டலுக்கு முன் பெருக்கல் நடப்பது போல என்று கொள்ளலாம். மாணவர் || மூத்தவர் && உள்ளூர்வாசி என்று எழுதினால், மாணவர் || (மூத்தவர் && உள்ளூர்வாசி) என்றே படிக்கப்படும்; வெளியூர் மாணவரும் உள்ளே வந்துவிடுவார். இருவருமே உள்ளூர்வாசியாக இருக்க வேண்டும் என்பது விதியானால் (மாணவர் || மூத்தவர்) && உள்ளூர்வாசி என்று அடைப்புக்குறி இட்டே தீர வேண்டும்.

எதிர்மறைக்குறியில் மொழிக்கு மொழி வேறுபாடு உண்டு. சி குடும்ப மொழிகளில் ! தனக்கு அடுத்ததை உடனே பற்றிக்கொள்ளும்; !அ == ஆ என்பது (!அ) == ஆ. பைத்தானின் நாட் என்ற சொல்லோ ஒப்பீடு முடியும்வரை காத்திருக்கும். அங்கே அதே வரிசை !(அ == ஆ) என்ற பொருளைத் தரும்.

முன்னுரிமையைப் பழகுவதற்கு லீப் ஆண்டு விதியைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. 1582 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த கிரகோரியன் நாட்காட்டியின்படி, 4 ஆல் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு. ஆனால் 100 ஆல் வகுபட்டால் இல்லை. 400 ஆல் வகுபட்டால் மறுபடியும் உண்டு. கீழே % என்பது வகுத்தால் வரும் மீதியைத் தரும் குறி.

(ஆண்டு % 4 == 0 && ஆண்டு % 100 != 0) || ஆண்டு % 400 == 0

1900-ஐப் போட்டுப் பாருங்கள். 4 ஆல் வகுபடும், 100 ஆலும் வகுபடும், அடைப்புக்குறிக்குள் பொய். 400 ஆல் வகுத்தால் மீதி 300; வலப்பக்கமும் பொய். ஆகவே லீப் ஆண்டு அன்று. 2000-க்கு வலப்பக்கம் மெய்யாவதால் லீப் ஆண்டு. இங்கே அடைப்புக்குறியை எடுத்துவிட்டாலும் விடை மாறாது, ஏனெனில் && எப்படியும் முதலில் பிணையும். இருந்தும் நான் அதை எடுப்பதில்லை. அடுத்து படிப்பவர் முன்னுரிமை அட்டவணையைத் தேடிப் போகக் கூடாது.

இதையே ஆண்டு % 4 == 0 && (ஆண்டு % 100 != 0 || ஆண்டு % 400 == 0) என்று எழுதினாலும் சரிதான்; 400 ஆல் வகுபடும் எண் 4 ஆலும் வகுபடும் என்பதே காரணம். இந்த இரண்டு வடிவங்களும் ஒன்றே என்பதைத் தாளில் நிறுவிப் பார்ப்பது ஒரு மாலைப்பொழுதுக்குத் தகுந்த பயிற்சி. எக்செல் இன்றளவும் 1900-ஐ லீப் ஆண்டாகவே கணக்கிட்டு, இல்லாத பிப்ரவரி 29-க்கு 60 என்ற வரிசை எண்ணைத் தருகிறது; அதற்கு முந்தைய அட்டவணைச் செயலியான லோட்டஸ் 1-2-3 செய்துவைத்ததோடு ஒத்துப்போவதற்காக அப்படியே விட்டுவைத்தார்கள். மூன்று நிபந்தனைகளுள் இரண்டைக் கைவிட்டதன் தடம் இத்தனை ஆண்டுகளாகக் கோப்புகளில் கிடக்கிறது.

நிபந்தனைகளின் வரிசையை மாற்றி எழுதினால் விடை மாறுமா?

மெய், பொய் என்ற அளவில் மாறாது. ஆனால், நிரல் ஓடுமா நிற்குமா என்பது மாறலாம். இடமிருந்து வலமாகப் படிக்கும்போது, && குறியின் இடப்பக்கம் பொய்யானால் வலப்பக்கம் என்னவாக இருந்தாலும் விடை பொய்தான்; ஆகவே கணினி வலப்பக்கத்தைத் தொடாமலே விட்டுவிடும். || குறியில் இடப்பக்கம் மெய்யானால் அதேபோல. இதைக் குறுக்குச்சுற்று மதிப்பீடு எனலாம்.

எண்ணிக்கை > 0 && மொத்தம் / எண்ணிக்கை >= 35

வகுப்பில் ஒருவர்கூட இல்லாமல் எண்ணிக்கை 0 ஆனால், இடப்பக்கம் பொய், வகுத்தல் நடக்காது. இரண்டையும் இடம் மாற்றி வைத்தால், பைத்தானும் முழு எண் வகுத்தலில் ஜாவாவும் பூச்சியத்தால் வகுக்க முயன்று பிழையோடு நின்றுவிடும். காவல் நிபந்தனையை முன்னே வையுங்கள். பட்டியல் காலியாக இல்லையா, பெயர் கொடுக்கப்பட்டிருக்கிறதா, கோப்பு இருக்கிறதா போன்ற கேள்விகள் எல்லாம் காவல் நிபந்தனைகளே. ஒற்றை & குறிக்கு இந்தப் பண்பு கிடையாது; அது இருபுறமும் கணக்கிடும். அதைத் தவிர்க்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இஃப்-க்குள் இஃப் எழுதுவதும் && எழுதுவதும் ஒன்றா?

எல்ஸ் இல்லாதவரை ஒன்றே. எல்ஸ் வந்தால் ஒன்றல்ல: உள்ளே உள்ள எல்ஸ், வெளி நிபந்தனை மெய்யாகி உள் நிபந்தனை பொய்யாகும்போது மட்டும் ஓடும். "வயது போதவில்லை", "குடியுரிமை இல்லை" என்று காரணத்தைத் தனித்தனியே சொல்ல வேண்டுமானால் உள்ளடுக்கு தேவை; ஒரே செய்தி போதுமானால் && போதும்.

நிபந்தனை நீண்டுகொண்டே போகிறது. எப்படிப் படிக்கத்தக்கதாக எழுதுவது?

ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் கொடுங்கள்.

வயது_உண்டு = வயது >= 18
இலவசத்_தகுதி = பள்ளி_மாணவர் || மூத்தவர்

பிறகு நிபந்தனை ஒரு வாக்கியம் போலவே ஒலிக்கும். பூலியன் மாறிக்குப் பெயரிடும்போது நேர்மறையாகவே இடுங்கள். தகுதி_இல்லை என்று ஒரு மாறி வைத்து, அதற்கு முன் ! போட்டால், படிப்பவர் இரண்டு எதிர்மறைகளை மனத்தில் கழிக்க வேண்டியிருக்கும்.

நான் எழுதிய நிபந்தனை சரியா என்று எப்படிச் சோதிப்பது?

எல்லையில் சோதியுங்கள். 35 தேர்ச்சி என்றால் 80 என்றும் 10 என்றும் கொடுத்துப் பார்ப்பதில் எதுவும் தெரியாது; 34, 35 ஆகிய இரண்டும்தான் >= எழுதினீர்களா > எழுதினீர்களா என்பதைக் காட்டும்.

ஐந்து பாட நிபந்தனைக்கு 32 வரிசைகளையும் சோதிக்க வேண்டுமா என்று கேட்பார்கள். ஆறு போதும். முதலில் ஐந்து பாடத்திலும் 35. தேர்ச்சி வர வேண்டும். பிறகு தமிழ் மட்டும் 34, மற்றவை 35. தோல்வி வர வேண்டும். அடுத்து ஆங்கிலம் மட்டும் 34, இப்படியே ஐந்து முறை. ஒவ்வொரு நிபந்தனையும் தனியொன்றாகவே முடிவை மாற்றுகிறது என்பதை இந்த ஆறு சோதனைகள் காட்டிவிடும்; எங்காவது ஒரு && இருக்க வேண்டிய இடத்தில் || இருந்தால், இவற்றுள் ஒன்றாவது தவறிக் காட்டும். விமானங்களில் இயங்கும் மென்பொருளுக்கான டிஓ-178 தரநிலை, மிக ஆபத்தான பிரிவில் உள்ள நிரல்களுக்குக் கேட்பதும் இதே வகைச் சோதனைதான்: ஒவ்வொரு நிபந்தனையும் மற்றவற்றின் துணையின்றி முடிவை மாற்றுவதைக் காட்ட வேண்டும். அந்த மாணவி தம் நிரலைத் திருத்திய பிறகு ஆறு வரிசைகளையும் நோட்டில் எழுதி, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துப் பக்கத்தில் டிக் போட்டுக்கொண்டே போனார். இரண்டாவது வரிசையில் தமிழ் 34 என்று கொடுத்தபோது திரையில் முதல் முறையாகத் "தோல்வி" என்ற சொல் வந்தது.